இறங்கினாரா, இறக்கினார்களா?

மெஷின் நின்றுபோனால் முதலில் ஆபரேட்டர் பெயரைத்தான் எழுதுவார்கள். துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் 19 வருஷம் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்காகக் கிடந்தவன் சொல்கிறேன். ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்கப் போகிறது, மாற்று, மாற்று என்று ஆறு மாசமாய்க் கத்துவோம். மாற்ற மாட்டான். ஒருநாள் சுமையோடு வண்டி நிற்கும். பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் 'ஆபரேட்டர் தவறு' என்று ஏறும். அரை நாள் கூலி போகும். கையெழுத்துப் போடுகிறவன் வெயிலில் நிற்பதில்லை. வெயிலில் நிற்கிறவன் கைக்கு ரிஜிஸ்டர் வருவதில்லை. வண்டியை ஓட்டியவன் எந்தத் தெருக்காரன் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ராயபுரத்தில் ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சு. மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். பேசிய நண்பர் படித்தவர், நம்மவர், நல்லவர். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எவன் தயவும் வேண்டாம், மனு எழுத வக்கீல் குமாஸ்தா வேண்டாம், இங்கிலீஷுக்கு கான்வென்ட் வேண்டாம், இயந்திரத்துக்குச் சாதி கிடையாது என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய சத்தம் அடங்குவதற்குள் இன்னொரு நண்பர் எழுந்தார். அதெல்லாம் பார்ப்பனீய, ஏகாதிபத்தியக் கருவி, தொடாதீர்கள் என்றார். ('தொடாதே' என்கிற சொல்லை நம் மேடையிலேயே கேட்க ஒரு மாதிரியாக இருந்தது.) இரண்டு பேருக்கும் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு மேடை வராது. பழுது பார்க்கத்தான் வரும். ஆகவே ஒரு பழுது பார்த்த கதையைச் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டின் முன் அறையில் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். கத்திவாக்கம், எர்ணாவூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு டெஸ்க்டாப். இரண்டும் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சரக்கு. அதில் ஒன்றில்தான், புதுசாகப் போட்ட சிஸ்டத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டு, அந்த 'உதவியாளர்' வந்தது. நாங்கள் கேட்கவில்லை, வந்தது. எந்தக் கம்பெனியின் உதவியாளர் என்று எழுதப் போவதில்லை. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கிற சங்கதி ஒன்றுதான்.

அதற்கு முதல் உண்மையான வேலை கொடுத்தது ஒரு தங்கச்சி. பி.காம். இரண்டாம் வருஷம். அவளுடைய சித்தப்பா ஒரு கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் செத்துப்போனார். கான்ட்ராக்டர் 50 ஆயிரம் கொடுத்து வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கப் பார்த்தான். சித்தி போடவில்லை. கலெக்டருக்கு மனு எழுத வேண்டும். "அண்ணா, இதுகிட்ட கேட்டா நல்லா எழுதித் தரும்னு காலேஜ்ல சொன்னாங்க" என்றாள். சரி, கேள் என்றேன்.

ஒரு சின்னச் சன்னல் திறந்தது. வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து ஒரு வரி: 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது. பிறகு முயலவும்.'

இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தை போனில் திறந்தோம். உங்கள் இணைப்பைப் பாருங்கள். உங்கள் கணக்கைப் பாருங்கள். உங்கள் மைக்கைப் பாருங்கள். உங்கள் மொழியைப் பாருங்கள். உங்கள் சாதனம் தகுதியானதா என்று பாருங்கள். பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்: "இன்னாண்ணா, எல்லாமே நம்ம மேல தப்புன்றான்?" ரிஜிஸ்டர் அதே ரிஜிஸ்டர்தான். எழுதுகிற கை மாறியிருக்கிறது.

மெக்கானிக் அப்படித் தேட மாட்டான். நேற்றைக்கு ஓடியதா, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்பான். நேற்று ஓடியிருக்கிறது. நடுவில் ராத்திரி கரண்ட் போய் வந்தது. மானிட்டரின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2013, ஜனவரி 1. பிடித்துவிட்டேன். பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். கடிகாரக் கடையில் கிடைக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் காப்பாற்றி வைப்பது அதுதான். அது செத்துவிட்டால் கம்ப்யூட்டர் தன் பிறந்த காலத்துக்குப் போய்விடும். இந்த 'உதவியாளர்' தன்னுடைய தலைமையகத்தோடு பேசுவதற்கு முன்னால், அந்தத் தலைமையகம் ஒரு அடையாளச் சான்றிதழை நீட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2013இல் உட்கார்ந்திருக்கிற பெட்டிக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். செல்லாது என்று கதவைச் சாத்திவிடும். விஷயம் அவ்வளவுதான். பேட்டரி மாற்றினேன், தேதி வைத்தேன், சன்னல் திறந்தது. பெட்டிக்குத் தேதிதான் கோளாறு என்று தெரியும். தெரிந்தும் 'தேதி தப்பு' என்று சொல்லாமல் 'ஏதோ' என்கிறது. இது அறியாமை இல்லை, பழக்கம்.

இங்கே இன்னொன்றும் புரிந்தது. 'உள்ளேயே பொருத்தியது' என்கிறானே, அது பெரிய பொய். உள்ளே இருப்பது ஒரு வாசற்படி. வீடு வேறெங்கோ இருக்கிறது. கேட்கிற கேள்வி நம் அறையை விட்டுக் கிளம்பி, கடலுக்கடியில் கேபிளில் போய்க்கூட, எவனுடைய சர்வர் கிடங்குக்கோ போய்த் திரும்புகிறது. நெட் அறுந்தால் 'நுண்ணறிவு' செத்த பிணம். பெட்டியிலேயே வைத்து ஓட்டுகிற வகையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2024இல் 'கோபைலட் பிளஸ்' என்று ஒரு ரகத்தை அறிவித்தபோது, அதற்குத் தனி ஏ.ஐ. சிப் வேண்டும், 16 ஜி.பி. ராம் வேண்டும் என்றது. ரிச்சி தெரு பெட்டிக்கு அந்த ஊர் எல்லையே தெரியாது. கிடங்குகளுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று யாரும் மேடையில் பேசுவதில்லை. நம் ஆட்களுக்குத் தெரியும். எண்ணூர் பழைய அனல் மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். வட சென்னை நிலையமும் வல்லூரும் ஓடுகின்றன. கொசஸ்தலை ஆற்றில் கிடக்கிற சாம்பலை இறால் தடவுகிற கைகளைக் கேளுங்கள்.

கதவு திறந்த பிறகும் சில்லறைக் கோளாறுகள். கணக்கு வேண்டும் என்றது. போன் நம்பர் கேட்டது. பாடசாலையின் பொது நம்பரைக் கொடுத்தோம். மைக் வேலை செய்யவில்லை. மைக்குக்கு இரண்டு பூட்டு: சிஸ்டம் அமைப்புகளில் ஒன்று, அந்த ஆப்புக்கென்று தனியாக இன்னொன்று. இரண்டையும் திறக்க வேண்டும். அப்புறமும் தொங்கியது. ஆப் பட்டியலில் அதைத் தேடி, முதலில் 'ரிப்பேர்', அதற்கும் மசியாவிட்டால் 'ரீசெட்'. ரீசெட் செய்தால் உள்ளே வைத்ததெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதனால் வேண்டியதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் ஆகாவிட்டால் கழற்றிப் போட்டு மறுபடி ஏற்றுவது. கழற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு அப்டேட், சிலருடைய விண்டோஸ் 11 கணினிகளில் அதன் சொந்த கோபைலட்டையே தவறுதலாகக் கழற்றிப் போட்டுவிட்டது. கம்பெனியே ஒப்புக்கொண்டது. சிலர் இதைத்தானே இத்தனை நாளாய்க் கேட்டோம் என்று சிரித்தார்கள்.

மூன்று ராத்திரி. நாலாம் நாள் எல்லாம் ஓடியது. பழுது சரியாயிற்று. அப்புறம்தான் பழுது தெரிந்தது.

*

தங்கச்சி மைக்கில் சொன்னாள். எழுதுவதை விடச் சொல்வது சுலபம் என்று நினைத்தாள். அவள் சொன்னது: "எங்க சித்தப்பாவ தொட்டிக்குள்ள எறக்குனாங்க."

திரையில் வந்தது: 'எங்கள் சித்தப்பா தொட்டிக்குள் இறங்கினார்.'

பார்த்தீர்களா? 'எறக்குனாங்க' என்பதில் ஒரு கூட்டம் இருக்கிறது. சூப்பர்வைசர் இருக்கிறான், கான்ட்ராக்டர் இருக்கிறான், கயிற்றைப் பிடித்தவன் இருக்கிறான், மாஸ்க் கொடுக்காதவன் இருக்கிறான். 'இறங்கினார்' என்பதில் செத்தவர் மட்டும் தனியாக இருக்கிறார். அவராகப் போனார், அவராகச் செத்தார். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்த இலக்கணத்துக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு 50 வயசுக்கு மேல்தான் புரிந்தது. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது' என்ற வரியை நினைவு வைக்கச் சொன்னேன் அல்லவா? அதே வினைதான் இது. செய்தவன் பெயரில்லாத வாக்கியம்.

முதல் தடவை, மைக் சரியாகக் கேட்கவில்லை போல என்று விட்டோம். வட சென்னைப் பேச்சை சினிமாக்காரன் சிரிப்புக்கென்று வைத்திருக்கிறான். மெஷின் எங்கே காது கொடுத்துக் கேட்டிருக்கும்? சரி என்று டைப் அடித்தாள். கையால், எழுத்து எழுத்தாக. சித்தப்பாவின் சாதியையும் எழுதினாள். தெருவையும் எழுதினாள். நஷ்டஈடு எங்கள் உரிமை என்று எழுதினாள். 'மனுவாக மாற்று' என்றாள்.

மாற்றியது. அழகான தமிழ். ஐயா, தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். பணியின்போது எதிர்பாராத விதமாக ஏற்பட்ட விபத்தில். வறிய குடும்பத்தின் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து. சட்டப்படியான ரூ.10 லட்சம் நிவாரணம். சாதியைக் காணோம். சேரி 'குடியிருப்புப் பகுதி' ஆகியிருந்தது. கீழே ஒரு குறிப்பு வேறு: சாதிப் பெயர்களைத் தவிர்ப்பது மரியாதையான மொழிநடையாக இருக்கும்.

தங்கச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "எவ்ளோ டீசன்ட்டா எழுதுதுண்ணா" என்றாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸ் வாசலில் நம்மை நிற்க வைத்துப் பழக்கியவன் நம் காதையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறான். ஆனால் அந்த டீசன்ட்டுக்கு விலை என்ன என்று கணக்குப் போட்டோம். தோழர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27இல், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2023 அக்டோபர் 20இல், பல்ராம் சிங் வழக்கில், அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. மெஷின் 10 என்று எழுதியது. ஒரு குடும்பத்துக்கு 20 லட்சம் நஷ்டம், அதுவும் தாழ்மையுடன். இரண்டாவது, 2013ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதையே குற்றம் என்கிறது. ஆளே விரும்பி இறங்கினான் என்பது பதில் ஆகாது. ஆக 'இறக்கினார்கள்' என்ற சொல் இருந்தால் குற்றம், 'இறங்கினார்' என்றால் விபத்து. மூன்றாவது, சாதி. பட்டியல் சாதிக்காரரைக் கையால் மலம் அள்ளும் வேலைக்கு வைப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்த்து 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒரு அங்குலம் அசைய வேண்டுமானாலும் செத்தவர் இன்ன சாதி, வேலை வைத்தவன் இன்ன சாதி என்று தாளில் இருக்க வேண்டும். மெஷின் மரியாதை கருதி அதைத்தான் துடைத்தது.

சொல்லைத் துடைப்பது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது நாம் ரொம்ப நாளாய்க் கேட்டது. வசவாக நம் மேல் ஒட்டிய சொல்லைக் கிழிப்பது வேறு, சாட்சியாக நாம் எழுதிய சொல்லைக் கிழிப்பது வேறு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றுதான் பெயர் வைத்தார். வேண்டுமென்றே வைத்தார். அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு போய் இன்றைக்கு இந்த உதவியாளரிடம் கொடுத்தால், மரியாதையான வேறு பெயர் நாலு சொல்லும்.

*

சரி, இது ஏன் இப்படி? ரிப்பேர், ரீசெட் எதற்கும் மசியாத இந்தப் பழுது எந்த நட்டில் இருக்கிறது?

இந்த மெஷின் யோசிப்பதில்லை. இதுவரை உலகத்தில் எழுதிக் குவித்ததைத் தின்று, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக் கக்குகிறது. அதிகம் எழுதப்பட்டதே அதற்கு உண்மை. 10 லட்சம் என்பது ஒன்பது வருஷம் திரும்பத் திரும்ப அச்சில் ஏறியது, 30 லட்சம் பிறகு வந்தது, ஆகவே 10. மலக்குழி மரணம் பற்றிப் பேப்பரில் வந்த செய்திகளை எடுத்துப் பாருங்கள், 'விஷவாயு தாக்கி பலி' என்றுதானே போடுகிறான். விஷவாயு தாக்கியது, பலியானார். இறக்கியவன் எங்கே? மெஷின் அந்தச் செய்தியைத் தின்றுதான் வளர்ந்தது. எழுத்தை ஆயிரம் வருஷம் யார் கையில் வைத்திருந்தானோ அவன் வாக்கியம்தான் அதில் வரும். மனுதர்மத்தைத் தனியாக உள்ளே வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பொதுப்புத்தியைக் கொட்டினால் போதும்.

நான் ஒரு மெக்கானிக் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை ஓப்பன்ஏஐ கம்பெனியின் ஜி.பி.டி-5 மாடலைச் சோதித்தது. கோடிட்ட இடத்தை நிரப்புகிற நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள். 'அறிவாளி மனிதர் ____', 'சாக்கடை சுத்தம் செய்பவர் ____'. நிரப்ப இரண்டு சொல்: பிராமணர், தலித். ஏறக்குறைய முக்கால்வாசி வாக்கியங்களில் பழைய புத்தியே வந்தது. அறிவாளி யார், சாக்கடை யார் என்று அதற்குக் குழப்பமே இல்லை. அதே கட்டுரையில் இன்னொரு சேதி: ஒரு ஆய்வாளர் தன் விண்ணப்பத்தின் இங்கிலீஷைத் திருத்தச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார், அது இங்கிலீஷோடு சேர்த்து அவருடைய குடும்பப் பெயரையும் சர்மா என்று 'திருத்தி'க் கொடுத்திருக்கிறது.

இப்போது எங்கள் மனுவோடு வைத்துப் பாருங்கள். சாக்கடைக்குள் இறங்குகிறவன் யார் என்று கேட்டால் நம் பெயர் அதற்குத் தெரிகிறது. சாக்கடைக்குள் செத்தவன் யார் என்று நாம் எழுதினால் அந்தப் பெயரைத் துடைக்கிறது. வேலைக்குச் சாதி உண்டு; நஷ்டஈட்டுக்குச் சாதி கிடையாது. இது நமக்குப் புதுசா?

'இயந்திரத்துக்குச் சாதி கிடையாது' என்ற நண்பருக்கு ஒரு பழைய இயந்திரத்தைக் காட்டுகிறேன். பம்பாய்ப் பஞ்சாலைத் தறி. அதற்குப் பூணூல் இல்லை, உண்மைதான். ஆனால் நாடாவில் புது நூலைக் கோக்க அதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி வாய் வைக்க மாட்டான். ஆகவே கூலி கூடுதலான நெசவுப் பகுதிக்குள் நம் ஆட்களை விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத்தின் முன்னால் வைத்தார். இரும்புக்குச் சாதி இல்லை, எச்சிலுக்கு உண்டு. இன்றைய மெஷினுக்கு எச்சில் எது? அது தின்ற எழுத்து.

எழுத்து என்றால் தமிழிலும் நம்முடையது எவ்வளவு அதில் இருக்கிறது? 90களில் நாம் கொண்டுவந்த சிறுபத்திரிகைகளை நினைத்துப் பாருங்கள். பாதி அச்சுக் கோத்தது. மீதி டி.டி.பி. அன்றைக்கு ஆளுக்கு ஒரு எழுத்துரு. ஒருவன் எழுத்துருவில் அடித்ததை அடுத்தவன் கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாய் வரும். யூனிகோடுக்கு மாறாத அந்த ஃபைல்கள் எந்த மெஷினுக்கும் தமிழே இல்லை. தாளாக மிஞ்சியவை அட்டைப் பெட்டியில், மழைக்கு நனைந்து. 2015 வெள்ளத்தில் போனது எத்தனை என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆக 'தமிழ்' என்று அது தின்றதில் நம் வாய் குறைவு.

தின்ற தமிழுக்கும் கூலி வேறு மாதிரிதான். இந்த மெஷின் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கும். அந்தத் துண்டுக்கு 'டோக்கன்' என்று பெயர். (ரேஷன் கடை டோக்கன் இல்லை. ஆனால் நிற்கிற வரிசை அதேதான்.) எவ்வளவு துண்டோ அவ்வளவு காசு, அவ்வளவு நேரம். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புது மாடலை வெளியிட்டபோது தானே ஒரு கணக்குக் கொடுத்தது. ஒரே அறிமுகப் பேச்சு: இங்கிலீஷில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புது மாடலில் தமிழை 35க்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள். நல்லது. அதுவரை நாலு மடங்கு கொடுத்த பாக்கியை யார் தருவது? அதற்கு முன்னால் 'உங்கள் மொழியைச் சரிபாருங்கள்' என்று எழுதியவனுக்குக் கோளாறு எங்கே என்று தெரியாதா?

இதற்குள் இன்னொரு தொட்டி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் அசிங்கம் பேசாமல் இருக்க வடிகட்டி வேண்டும். வடிகட்டி செய்ய, எது அசிங்கம் என்று முதலில் ஒரு மனுஷன் படித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியது: சாட்ஜிபிடிக்காகக் கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலிக்கு ஆட்கள் அதைச் செய்தார்கள், கொலை, சித்திரவதை, குழந்தைகள் மேல் வன்முறை என்று நாள் முழுக்கப் படித்துப் படித்து மனசு கெட்டுப் போனார்கள். ஊர் மலத்தைக் கையால் பிரிக்கிற வேலை. அங்கேயும் இறக்கியவன் பெயர் பெட்டியின் மேல் இல்லை.

*

அப்படியானால் 'தொடாதே' என்ற நண்பர் சொன்னது சரியா? இல்லை. காந்தியும் இயந்திரத்தைப் பழித்தார். அம்பேத்கர் 1945இல் எழுதிய, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதாருக்குச் செய்தது என்ன என்ற நூலில் அதற்குப் பதில் இருக்கிறது. கேடு இயந்திரத்தில் இல்லை, தனிச் சொத்தையும் தனி லாபத்தையும் புனிதமாக்கி வைத்த சமூக அமைப்பில் இருக்கிறது. இயந்திரம் இல்லாவிட்டால் உழைக்கிறவனுக்கு ஓய்வும் இல்லை, பண்பாடும் இல்லை என்பது அவர் வாதம். மலக்குழிக்குள் மனுஷன் இறங்கக் கூடாது என்றால் மெஷின்தானே இறங்க வேண்டும்? பிறகு எந்த வாயால் மெஷினைத் தொடாதே என்பது? கிராமத்துக்குப் போ, கைராட்டை சுற்று என்று நம்மிடம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தொட வேண்டும். திறக்க வேண்டும். திருப்புளி நம் கையில் இருக்க வேண்டும். ஆனால் எதை அதன் முன்னால் வைக்கிறோம் என்பதில் விவரம் வேண்டும். இயக்கத்துப் பிள்ளைகள் இதைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தது: சில வினாடிக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தேடித் தரும். பாதுகாப்பு ஆட்கள் கத்தியதில் தள்ளிப் போட்டு, நாமாக விரும்பிப் போட்டால்தான் ஓடும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில்தான் விட்டார்கள். அடுத்த மாசமே சிக்னல் ஆப், தன் திரையை அது படம் பிடிக்க முடியாதபடி அடைத்தது. நம்மிடம் அந்தக் கணினி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். இன்றைக்குப் புதுசு, நாளைக்கு ரிச்சி தெருவுக்கு வரும். சாட்சிப் பட்டியல், சங்கத்து உறுப்பினர் பட்டியல், புகார் கொடுத்த பெண்ணின் விலாசம், இதெல்லாம் உதவியாளர் சன்னலில் ஒட்டுகிற சரக்கு இல்லை. தங்கச்சி மனுவில் சித்தியின் பெயரை முதலில் டைப் அடித்ததே தப்பு. அது என் தப்பு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பாடசாலையில் இப்போது ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறோம். 'பழுது நோட்டு' என்று பெயர். துறைமுகத்தில் கைக்கு வராத ரிஜிஸ்டர். மெஷின் எதைச் செய்தாலும் நாலு கட்டம்: தேதி, நாம் கொடுத்தது, அது கொடுத்தது, பழுது யாரிடம். நாலாவது கட்டத்தில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். சில நேரம் 'நம்மிடம்' என்றே எழுதுகிறோம். ஸ்பெல்லிங் தப்பு, வயர் லூஸ். சில நேரம் 'பேட்டரி'. சில நேரம் 'கம்பெனி'. 'எழுதி வைத்தவன்' என்று ஒரு பையன் எழுதினான், அதை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

மனுவை மறுபடி எழுதினோம். தங்கச்சி கையெழுத்தில். முதல் வரி: 'என் சித்தப்பாவைத் தொட்டிக்குள் இறக்கினார்கள்.' சாதி, தெரு, சட்டத்தின் பெயர், தீர்ப்பின் தேதி, ரூ.30 லட்சம். தாழ்மை எங்கும் இல்லை. எழுதி முடித்த பிறகு எழுத்துப் பிழை மட்டும் பார் என்று பெயர்களை எடுத்துவிட்டு மெஷினிடம் கொடுத்தோம். இரண்டு ஒற்றுப் பிழை காட்டியது. சரியாகத்தான் காட்டியது. அதோடு, 'இறக்கினார்கள்' என்பதை 'இறங்கினார்' என்று மாற்றலாமா என்றும் கேட்டது.

"வேணாம்" என்று அடித்தாள்.

மனு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாகிவிட்டது. ரசீது வாங்கியாகிவிட்டது. வாங்கிய குமாஸ்தா முதல் வரியைப் படித்துவிட்டு, "யாருமா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாராம். நானே எழுதினேன் சார் என்றிருக்கிறாள். நோட்டில் 18ஆம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் வயர் நேற்று மறுபடி லூஸ்.